வயசுப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது?

(வாசகர் கேள்வி – பதில்)

டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்தை ஒட்டி, பிள்ளைகளிடம் பாலியல் நலம் பற்றிப் பெற்றோர் பேச வேண்டும் என்று இந்தப் பகுதியில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி சென்னையிலிருந்துதான். அரசு மருத்துவமனையில் கவுன்சிலராகப் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்குப் புதிதில்லை. ஆனால் இத்தனை பேர் தங்கள் பெயர் போடாமல் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது மனசு கனக்கத்தான் செய்கிறது.

என் மகனுக்கு 19 வயது. ஓ.எம்.ஆர். பக்கம் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டல். சனிக்கிழமை வந்தால் துணியெல்லாம் நான்தான் துவைத்துக் கொடுப்பேன். போன வாரம் ஜீன்ஸ் பாக்கெட்டில் ஒரு ஆணுறை இருந்தது. பிரிக்கவில்லை. கையெல்லாம் நடுங்கிவிட்டது. அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார். அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அவனிடம் கேட்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?
– கொளத்தூர் வாசகி

கேளுங்கள் அம்மா. ஆனால் இன்றைக்கே, இந்தக் கோபத்தோடு வேண்டாம்.

முதலில் கையில் கிடைத்தது என்ன சொல்கிறது என்று பாருங்கள். அவன் என்ன செய்தான் என்று அது சொல்லவே இல்லை. ஹாஸ்டலில் கூட்டாளி கொடுத்திருக்கலாம், விளையாட்டுக்கு வாங்கியிருக்கலாம், கல்லூரியில் செஞ்சுருள் சங்கம் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டத்தில் காதில் விழுந்ததை வைத்து வாங்கியிருக்கலாம், நிஜமாகவே ஒரு பெண்ணோடு பழகிக்கொண்டும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் பாதுகாப்பு வேண்டும் என்கிற நினைப்பு அவனிடம் இருக்கிறது. அது உங்களுக்குப் பயமாகத் தெரிகிறது, எனக்கு ஆறுதலாகத் தெரிகிறது. இப்போது நீங்கள் கத்தினால், அழுதால், சத்தியம் வாங்கினால் அவன் ஒன்றைத்தான் கற்றுக்கொள்வான்: பாக்கெட்டில் வைக்கக் கூடாது. அடுத்த தடவை ஆணுறை இருக்காது, மற்றதெல்லாம் இருக்கும்.

எங்கே பேசுவது என்பதையும் யோசியுங்கள். சாப்பிடும்போது வேண்டாம், அப்பா ஹாலில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து போவீர்கள் இல்லையா, அது நல்ல நேரம். முகத்தை முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்துகொண்டே பேசும்போது வயசுப் பையன்கள் கொஞ்சம் வாய் திறப்பார்கள். "டேய், துணி துவைக்கும்போது உன் பாக்கெட்ல ஒண்ணு இருந்துச்சு. அப்பாகிட்ட சொல்லலை. உன்னைத் திட்டவும் வரலை. நீ என்ன செய்றேன்னு எங்கிட்ட சொல்லணும்னு கட்டாயம் இல்லை. ஆனா ஏதாவது ஆச்சுன்னா பயந்துகிட்டு வெளியே அலையாதே, வீட்டுக்கு வா." இவ்வளவு போதும். அவன் பதில் சொல்லாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பான், "போம்மா" என்பான். பரவாயில்லை, காதில் விழுந்திருக்கும். மீதியை இரண்டு வாரம் கழித்துப் பேசலாம்.

அந்த மீதி என்ன என்று கேட்டால், விஷயம் நிறைய இருக்கிறது. ஆணுறை ரப்பர். சூடு பட்டால், மாதக்கணக்கில் பர்ஸில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தால் கெட்டுப்போகும் (அடுப்புக்குப் பக்கத்தில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாலும்தான், அதை எடுத்துவிடுங்கள்). உறையில் காலாவதித் தேதி இருக்கும், பார்க்க வேண்டும். பல்லால் கிழிக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய், வாஸ்லைன் பட்டால் சாதாரண ரப்பர் உறை கிழிந்துவிடும், இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்று, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. சரியாகப் பயன்படுத்தினால் எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி, கொனோரியா என்ற பால்வினை நோய், வேண்டாத கர்ப்பம் எல்லாவற்றுக்கும் அது நல்ல தடுப்பு.

சட்டத்தையும் சொல்ல வேண்டும், இதில் கூச்சம் பார்க்கவே கூடாது. அவன் பழகுவது 18 வயது நிறையாத பெண்ணாக இருந்தால், அவள் விரும்பித்தான் வந்தாள் என்பது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்ஸோ சட்டத்தின் முன்னால் செல்லாது. 19 வயதுப் பையன்கள் இது தெரியாமலே வழக்கில் மாட்டுகிறார்கள். 18 தாண்டியவளாக இருந்தாலும் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், நேற்று சரி என்றவள் இன்று வேண்டாம் என்றாலும் அப்படியே. குடித்துவிட்டு இருக்கும்போது யாருக்கும் ஆணுறை ஞாபகம் வராது, சம்மதமும் தெளிவாக இருக்காது. செமஸ்டர் முடிந்த அன்று ராத்திரி என்ன நடக்கும் என்று அவனுக்கே தெரியும்.

அம்மா வாயிலிருந்து இவ்வளவும் வர வேண்டுமா என்று கேட்பீர்கள். வராவிட்டால் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். நம் வீடுகளில் தாய்மாமன் பேச்சுக்கு ஒரு இடம் இருக்கிறது, அதை இதற்கும் பயன்படுத்தலாம். ஆனால் 'வீட்டுக்கு வா' என்ற முதல் பேச்சு மட்டும் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். இன்னொன்று. அவன் பழகுவது பெண்ணோடுதான் என்று நானும் நீங்களும் நினைத்துக்கொள்கிறோம். பையனோடு என்றால்? அப்போதும் மேலே சொன்ன பாதுகாப்பும் சம்மதமும் மாறாது. வீட்டுக்கு வா என்ற வார்த்தையும் மாறக் கூடாது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 71. நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு வழக்கமே கிடையாது. பேசினால் தூண்டிவிடுவது போல ஆகாதா? ஒழுக்கத்தைச் சொல்லி வளர்த்தால் போதாதா? பத்திரிகையில் இதையெல்லாம் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.
– நங்கநல்லூர் வாசகர்

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. இந்த ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1980-களில் எய்ட்ஸ் வெளிநாட்டுக்காரர்கள் நோய், நம் பண்பாட்டில் அதற்கு இடமே இல்லை என்றுதான் பெரியவர்கள் பலரும் சொன்னார்கள். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்லி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க வசதியில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே பார்த்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. இந்த நாட்டிலேயே முதலில் கண்டுபிடித்தது நம் ஊர்க்காரர்கள்தான் ஐயா. பண்பாட்டை நம்பிச் சோதிக்காமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை வருடம் தெரியாமலே பரவியிருக்கும் என்று யோசியுங்கள்.

அதற்குப் பிறகு தமிழ்நாடு வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 1994-இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கம் அமைத்ததில் நாட்டுக்கே நாம்தான் முன்னோடி. 2000-களின் தொடக்கத்தில் புள்ளிராஜா என்ற கற்பனை ஆளை வைத்து 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் பேனர் வைத்தார்களே, நினைவிருக்கும். டீக்கடையில், பஸ்ஸில் எல்லாம் அதே பேச்சாக இருந்தது. ஒழுக்கம் கெட்டுப்போகும் என்று அப்போதும் சொன்னார்கள். நடந்தது என்னவென்றால், 2000-க்கும் 2004-க்கும் இடையில் தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடம் எச்.ஐ.வி. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. பாலியல் தொழிலாளர்களிடம் போகும் ஆண்கள் ஆணுறைக்குப் பழகியது அதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

தூண்டிவிடுமா என்ற சந்தேகத்தையும் உலக அளவில் பலமுறை ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த ஆய்வுகளைத் தொகுத்திருக்கிறார்கள்: முறையாகச் சொல்லிக்கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை, பல இடங்களில் தள்ளித்தான் போடுகிறார்கள்.

ஒழுக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 'கல்யாணம் வரைக்கும் காத்திரு, அதுதான் என் விருப்பம்' என்று நீங்கள் நினைத்தால் பேரனிடம் அதையும் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். ஆனால் என் மேஜைக்கு முன்னால் வந்து அழுத பெண்களில் பலர் கட்டிய கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். அவர்களுடைய ஒழுக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. கர்ப்பமான பிறகு நடந்த ரத்தப் பரிசோதனையில்தான் எச்.ஐ.வி. என்ற வார்த்தையே அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது. அந்தப் பெண்களுக்கு யாரும் எதையும் முன்னாடியே சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

டாட்டூ குத்தினால் எய்ட்ஸ் வருமா? சலூன் கத்தியில்? மகன் கேட்டான், எனக்குத் தெரியவில்லை.
– வியாசர்பாடி வாசகர்

ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் அபாயம். எச்.ஐ.வி.யை விட, கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இன்னும் சுலபமாகப் பரவும். கண் முன்னால் புது ஊசி பிரிக்கச் சொல்லுங்கள், மையும் புதுசாக ஊற்றச் சொல்லுங்கள், திருவிழாக் கடையில் குத்திக்கொள்ள வேண்டாம். சலூனில் புது பிளேடு போட்டால் கவலையில்லை. கொசுவால், ஒரே டம்ளரால், கட்டிப்பிடிப்பதால், நீச்சல் குளத்தால் வரவே வராது. தெரியவில்லை என்பதை மகனிடமும் சொல்லி இதை அவனிடமே படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. மகளுக்கு 13 வயது. அவள் பெரியவளானபோது என் அக்கா வந்து எல்லாம் பார்த்துக்கொண்டார். இப்போது அவரும் ஊருக்குப் போய்விட்டார். அவளிடம் இந்த விஷயங்களை ஒரு அப்பா எப்படிப் பேசுவது? கூச்சமாக இருக்கிறது.
– ராயபுரம் வாசகர்

கூச்சத்தையே முதல் வரியாகச் சொல்லிவிடுங்கள். "அப்பாவுக்கு இதைப் பேசக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா உங்கிட்ட பேசாம இருக்கறது அதைவிடக் கஷ்டமா இருக்கு." பிள்ளைக்கு அந்த நிமிடமே உடம்பு இளகும், ஏனென்றால் அவளும் அதே கூச்சத்தோடுதான் இருக்கிறாள்.

நாப்கின் வாங்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள். கடைக்காரர் கறுப்பு கவரில் சுற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி மளிகைச் சாமானோடு சேர்த்து எடுத்து வாருங்கள். எந்த பிராண்ட் வேண்டும், எந்தத் தேதியில் வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். இது ஒன்றும் இல்லாத விஷயம் போலத் தெரியும், ஆனால் அப்பாவிடம் உடம்பைப் பற்றிப் பேசலாம் என்று அவளுக்குத் தெரிவது இந்த மாதிரி இடத்தில்தான். உடம்பின் உறுப்புகளுக்கு உரிய பெயரைச் சொல்லுங்கள். 'அங்கே', 'இங்கே' என்று சொல்லியே வளர்ந்த பிள்ளைக்கு யாராவது தப்பாகத் தொட்டால் அதைச் சொல்லக்கூட வார்த்தை இருக்காது. தொட்டது டியூஷன் வாத்தியாராக இருந்தாலும் சித்தப்பாவாக இருந்தாலும் 'நீ சொல்றதை அப்பா நம்புவேன், உன் மேல தப்பு இல்லை' என்று முன்னாடியே சொல்லி வையுங்கள், நடந்த பிறகு அல்ல. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். போனில் யாராவது படம் அனுப்பச் சொன்னாலும் இதே பேச்சுதான். அனுப்பிவிட்ட பிறகு வந்து சொன்னாலும் போனைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அடுத்த தடவை சொல்ல மாட்டாள்.

எச்.ஐ.வி. பற்றி 13 வயதுக்கு மூன்று நாலு வாக்கியம் போதும். அது ஒரு கிருமி, பாதுகாப்பில்லாத உடலுறவிலும், ரத்தத்திலும், ஊசியிலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். தாய் மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்கு வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். வந்தவர்களோடு சேர்ந்து சாப்பிடலாம், விளையாடலாம். உடலுறவு என்றால் என்ன என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். பயாலஜி புத்தகத்தில் இருக்கும் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினாலும் சரி.

கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பொதுவாக இரண்டு ஊசி, 15 தாண்டிவிட்டால் மூன்று என்று டாக்டர்கள் சொல்வார்கள். உங்கள் மகளுக்கு இப்போது சரியான வயது. பக்கத்து அரசு மருத்துவமனையிலோ குழந்தை மருத்துவரிடமோ இந்த மாதமே விசாரியுங்கள். போகும்போது அவளையும் உள்ளே கூட்டிப் போய், எதற்கு இந்த ஊசி என்று டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அக்காவிடமும் வாரம் ஒரு தடவை மகள் தனியாகப் போனில் பேசட்டும். அப்பாவிடம் சொல்ல முடியாதது என்று சில இருக்கும், அதில் தப்பில்லை.

என் தம்பிக்கு எச்.ஐ.வி. வந்து எட்டு வருடமாகிறது, தாம்பரத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான். என் பிள்ளைகளுக்கு 15, 17 வயது, மாமா என்றால் உயிர். என் கணவர் அவனுக்குத் தனித் தட்டு வை என்கிறார். பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா?
– குரோம்பேட்டை வாசகி

தனித் தட்டு வேண்டாம், தயவுசெய்து. அதற்கு ஒரு மருத்துவக் காரணமும் கிடையாது. பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவதும் அந்தத் தட்டுதான். 2004-இல் அரசு இலவச ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மாத்திரை) சிகிச்சையைத் தொடங்கியபோது முதலில் தொடங்கிய இடங்களில் உங்கள் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையும் ஒன்று. அன்று முதல் எத்தனையோ பேர் அங்கே மாத்திரை வாங்கி வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறார்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம்கூட அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. ஒரே வீட்டில் இருப்பதாலும் சேர்ந்து சாப்பிடுவதாலும் எப்போதுமே பரவியதில்லை. உங்கள் கணவருக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு தடவை தம்பியோடு அந்த மையத்துக்குப் போய் கவுன்சிலரிடம் அவரே கேட்கட்டும்.

பிள்ளைகளிடம் சொல்வது உங்கள் முடிவல்ல, தம்பியின் முடிவு. 2017 எச்.ஐ.வி. சட்டம், நம்பிச் சொன்ன ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் முறை. தம்பியிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் அவரே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். மாமா வாயால் கேட்கிற பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது. அவர் வேண்டாம் என்றால், பேர் இல்லாமல் பொதுவாகப் பேசுங்கள்.

எனக்கு 20 வயசு. 24 நாளுக்கு முன்னாடி ஒரு தடவை ஆணுறை இல்லாம உறவு நடந்துச்சு. அதுலேர்ந்து தொண்டை வலி, தூக்கம் இல்லை, கூகுள்ல பார்த்துப் பார்த்து பயம் ஜாஸ்தியாகுது. எங்கே போய் டெஸ்ட் எடுக்கறது? வீட்டுக்குத் தெரியுமா? தெரிஞ்சா செத்துடுவேன்.
– அம்பத்தூர் வாசகர்

தம்பி, சாகிற பேச்சு வேண்டாம். இதில் சாகும்படி ஒன்றும் இல்லை, நிஜமாகவே இல்லை. அந்த நினைப்பு மறுபடி வந்தால் தனியாக இருக்காதே. யாராவது ஒரு நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு உடனே கூப்பிடு.

தொண்டை வலியை வைத்து யாராலும் எச்.ஐ.வி. என்று சொல்ல முடியாது. தூங்காமல் இருந்தாலும் வரும், சென்னை மழைக்கும் வரும். டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும், கூகுளை மூடிவிடு. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு இருக்கும். உனக்கு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை பக்கம், சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் இருக்கிறது, ஸ்டான்லியும் இருக்கிறது. காசு கிடையாது. முதலில் கவுன்சிலர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார், அவரிடம் நடந்ததை அப்படியே சொல், அவர் கேட்காத கதையில்லை. கையில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே ரிசல்ட் சொல்லிவிடுவார்கள். உனக்கு 18 தாண்டிவிட்டது, உன் சம்மதம் போதும், வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். நேரில் போகும் முன் பேச வேண்டும் என்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடு, இலவசம், தமிழில் பேசலாம், பேர் சொல்ல வேண்டாம்.

இன்றைக்கு இல்லை என்று வந்தால் நல்ல செய்திதான், ஆனால் முடிவான செய்தி அல்ல. கிருமி உள்ளே வந்தாலும் டெஸ்டில் தெரியக் கொஞ்ச நாள் ஆகும். அதனால் உறவு நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு தடவை எடு. அதிலும் இல்லை என்றால் இல்லைதான், மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருக்காதே. ஒருவேளை இருக்கிறது என்று வந்தால், இன்னும் இரண்டு விதமான டெஸ்டில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். அப்போதும் தினம் மாத்திரைதான், அரசு இலவசமாகத் தருகிறது. சீக்கிரம் ஆரம்பித்தால் மற்றவர்களைப் போலவே ஆயுசோடு இருக்கலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஏதாவது நடந்து 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால், தேவைப்பட்டால் 28 நாள் மாத்திரை கொடுத்துத் தொற்றையே தடுக்க முடியும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, முதல் நாளே என்றால் இன்னும் நல்லது. இந்தத் தம்பி அந்த மூன்று நாளையும் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் கழித்திருக்கிறான். பெற்றோர் இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும்.

மூன்று மாத டெஸ்ட் ரிசல்ட் தெரியும் வரை ரத்த தானம் செய்யாதே தம்பி, டெஸ்ட் ஆகட்டுமே என்று நினைத்துக்கூடச் செய்யாதே. மூன்று மாத டெஸ்ட் முடியும் வரை உறவு வேண்டாம், இருந்தால் ஆணுறை கட்டாயம். அந்த இன்னொருவரிடமும் டெஸ்ட் எடுக்கச் சொல், குறை சொல்லாமல் சொல். மையத்துக்குக் காலையிலேயே போய்விடு, அப்போதுதான் அன்றைக்கே வேலை முடியும். போனதும் எச்.ஐ.வி.யோடு சேர்த்து சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் பார்க்கச் சொல்லிக் கேள். ஹெபடைடிஸ் பி ஊசி சின்ன வயசில் போடாமல் விட்டிருந்தால் இப்போதும் போட்டுக்கொள்ளலாம்.